ஓதிய தண்ணீர்

“காலித் காலையில ஏதாச்சும் சாப்ட்டானா, அம்மா?” என்று கேட்டாள் நர்ஸ் வந்தனா. தாராவிக்காரர்களோடு பேசிப் பேசியே தமிழ் படித்த மராத்திக்காரி.

“பச்சத் தண்ணி பல்லுல படல, சிஸ்டரே” என்றாள் பீவி பெருமையாக.

ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு வருவது இது ஆறாவது தடவை. மூன்று வருஷமாக மகனின் காதுக்குள் யார் யாரோ பேசினார்கள். சோற்றில் விஷம் இருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ள வைத்தார்கள். மாத்திரை மட்டும் போதவில்லை. கூடவே, மயக்க ஊசி போட்டு மின்சார சிகிச்சையும் தரலாம் என்றார் டாக்டர். நாலாவது தடவை முடிந்த மறுநாள், “உம்மா, மீன் ஆணத்துல உப்பு பத்தல” என்றான் காலித். பீவி சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது.

வந்தனா நகர்ந்ததும் காலித் மெல்லச் சொன்னான்: “நான் தண்ணி குடிச்சேனே.”

“எப்பலே?”

“டாக்ஸி ஏறுமுன்ன. ஒன் பையில இருக்க பாட்டில்லருந்து நீதான தந்த.”

“அது பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதுன தண்ணில்லா! அது எப்படிலே தண்ணில சேரும்?”

“ஓதுனாலும் வயித்துக்குள்ளதான போகுது?”

பீவி வந்தனா போன பக்கம் பார்த்தாள். சொல்லி, இன்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், அடுத்த முறைக்குள் அந்தப் பாவிகள் காதுக்குள் திரும்பிவிட்டால்? சொல்லாவிட்டால், மயக்கத்தில் தண்ணீர் மேலேறி மூச்சடைக்குமே!

“ஒரு மடக்குதான? சும்மா கெட” என்றாள். சொல்லி முடிக்கவில்லை, எழுந்து ஓடினாள். “சிஸ்டரே! அரை டம்ளர் குடுத்துட்டேன். ஓதுன தண்ணி!”

“எந்தத் தண்ணியும் தண்ணிதான், அம்மா!” வந்தனா தலையில் அடித்துக்கொண்டு டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் மணி பார்த்தார். “வெறும் தண்ணிதானே? ரெண்டு மணி நேரம் தாண்டட்டும். இன்னிக்கே செஞ்சிரலாம், கடைசி ஆளா.”

“அல்ஹம்துலில்லா!”

“அந்த பாட்டில என்கிட்ட தா உம்மா” என்றான் காலித். “ஒன் கையில இருந்தா எனக்குப் பயமாருக்கு.”

மதியம் கண் விழித்தவன் திருதிருவென்று பார்த்தான்.

“உம்மா, காலையில நான் எதாச்சும் குடிச்சனா?”

ஒவ்வொரு தடவையும் போல, சிகிச்சைக்கு முன் நடந்ததை மறந்துவிட்டான்! ‘இல்லை’ என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. வந்தனா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“குடிச்ச. நான்தான் தந்தேன்” என்றாள் பீவி.

“நல்ல ஆளுதான் நீ!” காலித் சிரித்தான். “தாகமாருக்கு. மிச்சமிருந்தாத் தா.”

பீவி பாட்டில் மூடியைத் திருகினாள். பாதியில் நிறுத்தித் திரும்பினாள்.

“சிஸ்டரே, இத இப்ப குடுக்கலாமா?”