தலவாக்கலைப் பூ

பத்து மணிச் சங்கு ஊதியதும் கைப்பிள்ளைக்காரிகள் நாங்கள் கூடையைத் தேயிலை மலையிலேயே இறக்கிவிட்டு, பால் கொடுக்க, கைக்குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவோம். ஆண்டியப்பன் கங்காணி அந்த ஓட்டத்துக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்கும் முதல் ஆளாக ஓடியவள் நான்தான். கொடுக்கத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வாரக் காய்ச்சல் என் பாலைச் சுத்தமாக வற்ற வைத்துவிட்டது. டிஸ்பென்சரியில் கொடுத்த மாப்பாலைக் கரைத்து ஊட்டினால் மீனம்மா கக்கிவிடுவாள். கக்காவிட்டால் வயிற்றால் போகும். நாற்பது நாள் பிள்ளை, தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. இந்தப் பிள்ளை எனக்குத் தங்காது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆனால் அன்று அவள் தொட்டிலில் நிம்மதியாகத் தூங்கினாள். கடைவாயில் பால் வாசம்.

“மாப்பால் குடிச்சிருச்சுடி, எழுப்பாத,” என்றாள் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் மார்கிரட் ஆயா, கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டே. பொய் சொல்லும்போதுதான் அவள் கை அங்கே போகும். மாப்பால் வாடை எனக்குத் தெரியாதா?

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், வயிற்றுவலி என்று கங்காணியிடம் நானும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சங்குக்கு முன்பே இறங்கிவந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் நாகலெட்சுமி அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி. மீனம்மா அவளிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

லயத்து வரிசையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவள் இருமினால் எனக்குக் கேட்கும். என் அடுப்புப் புகை அவள் கண்ணை எரிக்கும். அப்படியிருந்தும் பேச்சு நின்றுபோயிருந்தது. நிறுத்தியவள் நான். எனக்கு மீனம்மா பிறந்து பதினைந்து நாள் கழித்து அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்து, ஒன்பதாம் நாள் போய்விட்டது. அந்த வாரமே மீனம்மாவுக்குப் பேர் வைத்தோம். அக்கா வாசலில் வந்து நின்று, ஒரு தடவை தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஏக்கம் பட்டுவிடும் என்று எவளோ காதில் ஓதியிருந்தாள். முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். எனக்கு அன்றைக்குப் புத்தி புல் மேயப் போயிருந்தது. நீட்டிய கையோடு அவள் எத்தனை நேரம் நின்றாளோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது உள்ளே ஓடி அவள் காலில் விழுந்திருக்கலாம். என்னைப் பார்த்ததும் பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டுப் போய்விட்டால்? சத்தமில்லாமல் மலையேறிவிட்டேன்.

சனிக்கிழமை சாயந்தரம் சுவருக்கு மேலே அக்கா புருஷன் குரல் கேட்டது.

“தலவாக்கலை டவுனுக்குப் போயி மல்லியப்பூ வாங்கியாந்துட்டேன். நாளைக்கிக் குளிச்சிட்டு மாருல வச்சுக் கட்டிக்க. பால் வத்திரும். திங்கக்கெழம வேலைக்கி எறங்கணும்ல.”

சோற்றுக் கையோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவுக்குப் பூட்டு. விடிந்ததிலிருந்து மீனம்மா கத்தினாள். குரல் கம்மிப்போய் வெறும் வாய் மட்டும் அசைந்தபோது என் வீட்டுக்காரர் செல்லசாமி எழுந்து நின்றார்.

“போயி மதினிகிட்டக் கேளு, வடிவு.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?”

“இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்தடிகூட இல்லை. அக்கா குளித்து முடித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வாழையிலைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் கிழிந்த வெள்ளைத் துணி. வாசலைத் தாண்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அன்று அவள் நின்றதுபோல வெளியிலேயே நின்று, பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினேன்.

“பூவக் கட்டிராதீங்கக்கா.”

அவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

“இன்னிக்கி முந்தானையால மூடலியா?”

எனக்கு அழுகைதான் வந்தது. நீட்டிய கை வலித்தது, மடக்கவில்லை. அவள் எழுந்து வந்தாள். அப்போதுதான் பார்த்தேன், மாற்றிப் போட்ட ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

“விடிஞ்சதுலருந்து புள்ள கத்துது. இப்பத்தான் கொண்டாரத் தோணுச்சா ஒனக்கு?”

வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. மீனம்மா மூச்சுத் திணறத் திணறக் குடித்தாள். “மெதுவா, மெதுவா, எங்கயும் ஓடிறாது,” என்று அக்கா சொல்லும்போது அவள் குரலும் உடைந்தது. போன பிள்ளையிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

நான் உள்ளே போய் அவள் பின்னால் உட்கார்ந்தேன். இலையிலிருந்த பூச்சரத்தை எடுத்து, அந்த ஈரக் கொண்டையில் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு சுற்று நழுவி விழுந்தது. அக்கா பிள்ளை மேலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு எட்டுகிற மாதிரி தலையை மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள்.