எஸ்டிமேட் மட்டும்தான்

"அக்கா, இந்த ஒரே ஃபைல்ல நாலாயிரத்து இருநூறு லைன் இருக்கு" என்றாள் பிரீத்தி. குற்றமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சுவரில் மாட்டியிருந்த டிவியில் நான் எழுதிய பிஹெச்பி புரோகிராம் கோடு மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷமாக நான் ஒருத்தி மட்டும் பார்த்து, நான் ஒருத்தி மட்டும் ஒட்டுப்போட்டு வைத்திருந்த கோடு. துவைக்காத துணியெல்லாம் அடைத்து வைத்த பீரோவை விருந்தாளி முன்னால் திறந்து காட்டியது போல் எனக்குக் காது சுட்டது.

சிவகாசியில் எங்கள் கம்பெனிக்குப் பட்டாசுக் கடைகள்தான் படியளக்கின்றன. அறுபது கடைகளுக்கு வெப்சைட் செய்து பராமரிக்கிறோம். முதலாளி மணிகண்டராஜ் சார், டிசைன் பார்க்கும் புகழேந்தி, கோடு எழுதும் நான் என மூன்று பேராக ஓட்டிக்கொண்டிருந்தோம். பிரீத்தி சாருடைய அக்கா மகள். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தாள். ஆள்குறைப்பு என்று ஒருநாள் காலையில் மெயில் அனுப்பி வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு வந்தவளை மாமா சும்மா இருக்க விடுவாரா, இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

"ஒரு கடைக்கு ஒண்ணு மாத்தணும்னா அறுபது இடத்துல மாத்த வேண்டியிருக்குல்லக்கா. ரியாக்ட்ல ஒரு தடவ எழுதிட்டா போதும். நெக்ஸ்ட் போட்டா பக்கமும் சட்டுனு தொறக்கும்."

"இப்ப மட்டும் தொறக்கலையாக்கும்? ஆறாயிரம் ரூவா போன்ல கூட என் சைட்டு தொறக்குது" என்றேன். "உன் புராஜெக்ட்ட இன்ஸ்டால் பண்ணவே என் சிஸ்டம் காமணி நேரம் முக்குச்சு. நானூறு எம்பி. பட்டாசு லிஸ்ட் காட்டுறதுக்கு எதுக்குத்தா அம்புட்டு?"

புகழேந்தி குறுக்கே விழுந்தான். "இப்ப உலகமே ரியாக்ட்தான்க்கா. ஜேக்வெரிய எல்லாம் யாரு சீந்துறா?" இதே வாய் போன மாதம் வியூதான் உலகம் என்றது. அதற்கு முந்தின மாதம் லாராவெல். எல்லாம் வெப்சைட் கட்டுகிற கருவிகள்தான். வீடியோ பார்த்தே வளர்ந்த ஞானம், வாரத்துக்கு ஒரு கட்சி மாறும்.

பிரீத்தி சொன்னது அத்தனையும் சரி என்று எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சலே அதுதான். போன சீசனில் பார்சல் சர்வீஸ் பற்றிய ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னார்கள். அறுபது சைட்டிலும் ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ரியாக்டைப் படிக்காமலும் இல்லை. போன தை மாதம் ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் பாடம் நடத்தியவர் அடித்த கமாண்டை அப்படியே அடித்தேன். இப்படிச் செய்வது இப்போது வழக்கத்தில் இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வேறு வீடியோவுக்குப் போனேன். அதில் வேறு வெர்ஷன். மூன்றாவதில், முதல் இரண்டையும் மறந்துவிடுங்கள் என்று ஆரம்பித்தார். ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, வீட்டில் உலை வைக்கிற நேரத்தில் எதை மறக்க, எதைப் படிக்க? சீ போ என்று மூடிவிட்டேன்.

சார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ரத்தினசாமி அண்ணாச்சி கடைக்கு மொதல்ல புதுசப் போடுவோம். ஆடிப் பதினெட்டுக்குத் தொறந்துரணும். நல்லா ஓடுச்சுன்னா அறுபதையும் மாத்திருவோம். மாரிசெல்வி, நீ அதுக்கப்புறம் டேட்டா என்ட்ரிய பாத்துக்கோ. வாட்சப்புல கடக்காரங்க அனுப்புற லிஸ்ட்டெல்லாம் அடிக்க ஆளு வேணும்ல."

டேட்டா என்ட்ரி. குருவி வெடி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம் என்று நாள் முழுக்கத் தட்டுகிற வேலை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் இங்கே சேர்ந்தபோது பார்த்த அதே வேலை. அதைப் பார்த்துக்கொண்டே, யாரும் சொல்லித்தராமல் கோடு எழுதப் பழகி மேலே வந்தவள் நான். என் அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் திரி வைக்கிறாள். மகள் புரோகிராமர் என்று உடன் வேலை பார்ப்பவர்களிடம் அவள் சொல்லிச் சொல்லி, எனக்கே அது பட்டம் மாதிரி ஆகிவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகத் திரும்பவும் டைப் அடிக்கப் போ என்கிறார். "சரி சார்" என்றேன்.

அடுத்த மூன்று வாரமும் பிரீத்தி என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தாள். எங்கள் தொழிலின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. அதனால் எங்கள் சைட் எதிலும் 'வாங்கு' என்ற பட்டன் கிடையாது, பணம் கட்டும் பக்கம் கிடையாது, ஆர்டர் என்ற பேச்சே கிடையாது. வாடிக்கையாளர் வேண்டியதை டிக் செய்து எஸ்டிமேட் அனுப்பலாம். கடைக்காரர் போனில் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார். அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் உறவு. பிரீத்தி கவனமாகக் கேட்டுக்கொண்டு, தான் எடுத்திருந்த, ஆன்லைன் கடைகளுக்கென்று தயாராகக் கிடைக்கும் டெம்பிளேட்டில் பக்கம் பக்கமாகத் தேடி எல்லாவற்றையும் எஸ்டிமேட் என்று மாற்றினாள். "ஒருதடவ நீங்களும் செக் பண்ணிருங்கக்கா" என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் காலை. ஆமத்தூரில் பஸ் ஏறி, அன்றைக்கு அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்து, வெள்ளோட்டமாக நெட்டில் ஏற்றியிருந்த புது சைட்டைப் போனில் திறந்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், மிக நன்றாக இருந்தது. தொட்டால் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குறையாவது கிடைக்காதா என்று பக்கம் பக்கமாகத் துழாவினேன். கடைசியில் குருவி வெடி ஒரு பாக்கெட் டிக் செய்து, என் பெயர், என் போன் நம்பர், என் மெயில் கொடுத்து எஸ்டிமேட் அனுப்பினேன். திருத்தங்கல் வருவதற்குள் மெயில் வந்துவிட்டது. 'வாழ்த்துகள், உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, விரைவில் வீடு வந்து சேரும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

பக்கத்தையெல்லாம் மாற்றியவள் மெயிலை விட்டுவிட்டாள். அது டெம்பிளேட்டுக்கு உள்ளே எங்கேயோ கிடந்து தானாகவே போகிற மெயில். அவளுடைய சிஸ்டத்தில் சோதிக்கும்போது மெயில் வெளியே போகாது, அதனால் கண்ணில் பட்டிருக்காது. ஒவ்வொரு வரியையும் கையால் எழுதுகிற என்னைப் போன்ற பட்டிக்காட்டுப் புரோகிராமருக்கு இந்தத் தப்பு வரவே வராது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆபீசுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன்.

ஆபீசில் பிரீத்தி, "செக் பண்ணீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றேன்.

மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன். மத்தியானம் சார் என்னைக் கூப்பிட்டு, புகழேந்தியின் மேசைக்குப் பக்கத்தில் பாத்ரூம் கதவை ஒட்டி இருந்த சின்ன மேசையைக் காட்டி, "அடுத்த வாரத்துல இருந்து நீ இங்கன உக்காந்துக்கோ, பிரீத்திக்குப் பெரிய டேபிள் வேணும்" என்றார். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அவ்வளவு படித்தவள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

ஆடிப் பதினெட்டு அன்று ரத்தினசாமி அண்ணாச்சி கடையில் பூஜை போட்டு, அவர் கையாலேயே சைட்டைத் திறந்தார்கள். எல்லாருக்கும் கேசரி வந்தது. நானும் தின்றேன். மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அண்ணாச்சி எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். நாற்காலியில் உட்கார்ந்து, போனை மேசையில் வைத்து, சார் பக்கம் தள்ளினார்.

"என் சைட்டுல இருந்து வந்த மெயில எங்க கடக்காரங்க குரூப்புல எவனோ போட்டிருக்கான் மணி. வாசிச்சுப் பாரு. நான் ஆன்லைன்ல யாவாரம் பண்றேனாம். வீட்டுக்கே அனுப்பி வைப்பேனாம். இத எவனாச்சும் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிட்டா என் லைசென்சுக்கு நீ பதில் சொல்லுவியா? சீசன் இப்பத்தான் தொறந்திருக்கு."

சாருக்கு முகம் செத்துவிட்டது. "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மெயில் போன அம்புட்டுப் பேருக்கும் போன் போட்டுச் சொல்லிருதோம் அண்ணாச்சி. பழைய சைட்டையே போட்டுருதோம்" என்றார். அண்ணாச்சி போன பிறகுதான் பிரீத்தி பக்கம் திரும்பினார். "எம்புட்டுப் படிச்சு என்ன? ஒரு மெயிலப் பாக்கத் துப்பில்ல. உன்னைய அங்கன ஏன் வேண்டாம்னு அனுப்புனாகன்னு இப்பத்தான் வெளங்குது."

புகழேந்தி உடனே, "நான் அப்பவே நெனச்சேன் சார், பிஹெச்பிதான் எப்பவும் கெட்டி" என்றான். "நீ மூடுலே" என்றார் சார். பிறகு என்னிடம், "மாரிசெல்வி, நீ உன் எடத்துலயே இரு" என்றார்.

ஜெயித்துவிட்டேன். நான் கேட்டது இதுதானே. பிரீத்தி அழவில்லை. அழுதிருந்தால் பக்கத்தில் போய் நின்று, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி நானும் இரண்டு சொட்டு விட்டிருப்பேன். அவள் சைட்டை நிறுத்தினாள், என் பழைய ஃபைலை ஏற்றினாள், மெயில் போனவர்களின் பட்டியலைப் போன் நம்பர், தேதியோடு பிரிண்ட் எடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள், ஆறு தாள். கடைசியாக வந்தவர் முதலில், முதலில் வந்தவர் கடைசியில். அப்போதுதான் எனக்கு உறைத்தது, முதல் மெயில் போனது எனக்குத்தான். கடைசித் தாளுக்குக் கையை நீட்டினேன்.

"நீங்க மேல உள்ள மூணு தாளப் பாருங்கக்கா. கீழ உள்ளத நான் பாக்கேன்" என்று அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எதிரெதிரே உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தோம். அவள் கையில் ஆபீஸ் போன், என் கையில் சாருடைய இன்னொரு போன். "வணக்கம், சிவகாசில இருந்து பேசுறோம். உங்களுக்கு வந்த மெயில் தப்பா வந்துருச்சு. அது ஆர்டர் இல்ல, எஸ்டிமேட் மட்டும்தான்." சேலத்துக்காரர் திட்டினார். ஓசூரில் ஒரு அம்மா, "அப்ப பிள்ளைகளுக்குப் பட்டாசு வருமா வராதா, அதச் சொல்லு" என்று அதையே நாலு தடவை கேட்டார். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எதிரே அவள் ஒரு பெயரை முடித்ததும் அடிக்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தாள் முடிந்தது. ஐந்தாவது முடிந்தது. இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிட்டால் என்ன? பார்த்தேன், சொல்ல மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். டெஸ்ட் செய்தேன், மெயிலைத் திறக்கவே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பும்படி ஒன்றும் அமையவில்லை.

ஆறாவது தாளில் பாதிக்குக் கீழே வந்ததும் பிரீத்தியின் பேனா நின்றது. அடிவரியைப் பார்த்தபடி தாளை முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மீதமிருந்த எல்லாரையும், ஒருவர் விடாமல், அதே நிதானத்தோடு கூப்பிட்டு முடித்தாள். கோடு அடித்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு கடைசி நம்பரைத் தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த என் சொந்த போன் அதிர்ந்தது. கீபோர்டை முட்டிக்கொண்டு அதிர்ந்தது. அவள் போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்தாள். புகழேந்தி, "யக்கா, உங்க போன்தான் அடிக்குது" என்றான்.

எடுத்தேன்.

"வணக்கம், சிவகாசில இருந்து பேசுறோம்" என்றாள். அவள் குரல் முதலில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், அரை நொடி கழித்து என் காதுக்குள்ளும் வந்தது. "ஆர்டர் உறுதின்னு உங்களுக்கு ஒரு மெயில் வந்துச்சாங்க?"

"வந்துச்சு" என்றேன்.

"எப்ப வந்துச்சு?"

சார் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். யாரும் திரும்பவில்லை. பிரீத்தி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவளுடைய ஒவ்வொரு மூச்சும் எனக்கு நேரிலும் போனிலுமாக இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தது.