மாமனார் பேரில் ஒரு குப்பி

கோகிலாம்பாள் கருப்பட்டியை உடைத்துத் தராசில் வைத்துக்கொண்டிருந்தபோது ஏசுவடியான் கடைவாசலில் வந்து நின்றார். ஓடைக்கு அந்தப்புறம் வேதக்காரர் குடியிருப்பைச் சேர்ந்தவர். வெயிலில் நடந்து வந்ததில் வியர்த்திருந்தாரே தவிர மூச்சு இரைக்கவில்லை. காலையில்தான் அவருடைய மருமகள் ஞானப்பூ வந்து, மாமனாருக்குச் சளி கட்டி மூக்கடைத்துக் கிடக்கிறார் என்று பெப்பர்மிண்ட் தைலம் ஒரு குப்பி வாங்கிப்போயிருந்தாள்.

"தைலம் அம்புட்டு வேகமாவா கேட்டுச்சு, பெரியய்யா? காலையில படுத்துக் கெடந்தவுக, மத்தியானம் சாக்கைத் தூக்கிட்டு வந்துட்டீகளே."

"யாரு படுத்துக் கெடந்தா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன் தாயி. விடியமுன்ன பருத்திக்காட்டுக்குப் போனவன், நேரா இங்கிட்டு வாரேன்."

கோகிலாம்பாளின் சிரிப்பு பாதியில் நின்றது. ஞானப்பூ பொய் பேசுகிற பெண் இல்லை.

அந்தத் தைலத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் கோகிலாம்பாளுக்கு வாய் ஓயாது. கல்யாண வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வயிறு உப்பி வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு சொட்டு. தலைவலிக்குத் தேங்காயெண்ணெயில் குழைத்து நெற்றியில். அருப்புக்கோட்டை மருந்துக்கடைக்காரர் குப்பிகளைக் கொடுத்தபோது இவ்வளவும் சொல்லிவிட்டு, கூடவே எச்சரிக்கையும் செய்திருந்தார். தண்ணீர் கலக்காமல் குடிக்கக்கூடாது. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஆகாது. கைக்குழந்தை முகத்துப் பக்கமே கொண்டுபோகக்கூடாது, மூக்கில் பட்டால் அப்படியே மூச்சு நின்றுபோகும். பெருமை மட்டும் அவள் வாயில் தங்கிவிட்டது. மாமனாருக்கு என்று கேட்டு வந்தவளிடம் குழந்தையைப் பற்றி என்ன சொல்வது? போதாக்குறைக்கு, "மூக்குத் துவாரத்துல ஒரு பொட்டு வையி ஞானப்பூ, அடைப்பு உடனே விட்டுப்போகும்" என்று அவளே சொல்லியும் அனுப்பியிருந்தாள்.

ஏசுவடியான் சாக்கை விரித்துப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினார். "கருப்பட்டி கூடவே போடு தாயி. வார ஞாயித்துக்கெழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். வெளிய சொல்லிக்கிடாத."

ஞானப்பூவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலோடு போய்ச் சேர்ந்தவை. மூன்றாவதை நரிக்குடியில் தாய் வீட்டில் பெற்று, போன வாரந்தான் தூக்கி வந்திருந்தாள். கோயிலில் முழங்கால் போடுகிற குடும்பந்தான். ஆனாலும் கண்ணேறு என்றால் சாமி கும்பிடுகிறவர்களுக்கும் வேதக்காரர்களுக்கும் ஒரே பயந்தான். அப்படி இரண்டு போனபின் வந்த பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் என்று நாலு பேர் காதுபடச் சொன்னால் அது நிலைக்காது என்பார்கள். மருந்து வாங்கினாலும் வீட்டில் வேறொருவர் பேரைச் சொல்லித்தான் வாங்குவார்கள்; அடுத்தவர்களும் பிள்ளையைப் பற்றி விசாரிக்கமாட்டார்கள். அதனால்தான் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கோகிலாம்பாளும் காலையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தாள்.

"பெரியய்யா, பிள்ளைக்குச் சளியா?"

ஏசுவடியானின் முகம் சுருங்கிற்று. "அந்தப் பேச்சு எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க!"

"ராவெல்லாம் மூக்கடைச்சுப் பாலே குடிக்கல. ஏன் தாயி?"

தராசுத் தட்டு தரையில் விழுந்தது. கடையைச் சாத்தவும் அவளுக்குத் தோன்றவில்லை. புருஷன் பொன்னுச்சாமி லோடு எடுக்கப் போனவர் பொழுது சாயத்தான் வருவார். வண்டியும் அவரோடு போயிருந்தது. கொண்டையை முடிந்துகொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். பின்னால் கிழவர், "என்ன தாயி, என்னன்னு சொல்லு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பருத்திக்காட்டுக் கரிசல் வெடித்துக் கிடந்தது. குறுக்கே விழுந்து ஓடியவளுக்கு உடைமுள் தைத்தது. பிடுங்க நிற்கவில்லை. 'அம்மா தாயே, அவள் இன்னும் குப்பியைத் திறந்திருக்கக்கூடாது' என்று காளியை வேண்டினாள். பிறகு, பிள்ளை யாருடையது என்று நினைவு வந்து, மாதாவையும் வேண்டினாள். ஓடையில் தண்ணீர் இல்லை. மணலில் கால் புதைந்து புதைந்து நடை வரவில்லை. மூன்றாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை என்று மனம் அடித்துக்கொண்டது.

குடியிருப்பின் கடைசி வீடு. கதவில் சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்தது. முற்றத்தில் கால் வைப்பதற்கு முன்பே அந்த வாசனை வந்துவிட்டது. அவள் அத்தனை பேரிடமும் வாய் நிறையப் புகழ்ந்த வாசனை.

கதவைத் திறந்துகொண்டு ஞானப்பூ வந்தாள். இரவு முழுக்க விழித்த கண்கள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் காட்டாதீக அக்கா. நீங்க சொன்னமாதிரிதான் ஒரு பொட்டு வச்சேன். ரெண்டு தடவை திணறுச்சு, அப்புறம் அடங்கிருச்சு. இப்பத்தான் அசையாமத் தூங்குது."

கோகிலாம்பாள் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். விட்டத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கிற்று. அதன் ஓரத்தைப் பிடித்து விலக்கக் கை நீட்டினாள். கை பட்டதில் சேலைதான் லேசாக ஆடிற்று; உள்ளே பிள்ளை அசையவில்லை.