சேறு பட்ட சீட்டு

ஒவ்வொரு ஓட்டுச்சீட்டுக் கட்டையும் அவிழ்க்கும்போது அந்தக் குமாஸ்தா ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டார். சவுக்குக் கழி கட்டிய தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற அம்சவல்லிக்கு அவருடைய நிதானம் பொறுக்கவில்லை. இதே இளஞ்சிவப்புச் சீட்டுகளை இதே ஆள்தான் காலையில் எண்ணினார். ஒன்பது ஓட்டில் ஏணிச் சின்னம் ஜெயித்தது என்று வாயால் சொன்னார்கள், எழுதிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் தெருப் பிள்ளைகள் கொளுத்திப் போட்ட வெடியின் புகை கலைவதற்குள் மறுபடியும் எண்ணப் போகிறோம் என்று மேசையை இழுத்துப் போட்டார்கள்.

ஏணி அவள் தம்பி காத்தான். பூட்டுச்சாவி கண்ணுசாமி. இரண்டு பேரும் கொண்டல்மங்கலம் தெற்குத் தெருவில் பிறந்தவர்கள்தான். பஞ்சாயத்துத் தலைவர் பதவியைத் தெற்குத் தெரு ஜனங்களுக்கே ஒதுக்கி உத்தரவு வந்ததும் மிராசுதார் துரைராசு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் தன் பண்ணையாள் கண்ணுசாமியைக் கூப்பிட்டு, புது வேட்டி கட்டச் சொல்லி, மனுப்போட அனுப்பிவிட்டார். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சி இல்லை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். துரைராசு வீட்டு வாசலில் ஆளுங்கட்சிக் கரை வேட்டிகள் வந்து வந்து போயின. ஓட்டுக் கேட்டு வந்தபோது துரைராசுவின் கணக்குப்பிள்ளை கோவிந்தராசு முன்னால் நடந்தார். வேட்பாளரோ கூட்டத்தின் கடைசியில் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு வந்தான்.

தெருவில் பாதி வீடுகள் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இருந்தன. அம்சவல்லியின் வீடும் அதில் ஒன்று. அந்தக் கரை வழியாகத் தன் வயலுக்கு டிராக்டர் போக வேண்டும், குடிசைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று துரைராசு மனுக் கொடுத்திருந்தார். பஞ்சாயத்துத் தீர்மானம் வரட்டும் என்று தாசில்தார் நிறுத்தி வைத்திருந்தார். காத்தான் தலைவரானால் பட்டா கேட்டுத் தீர்மானம். கண்ணுசாமி தலைவரானால் கரையைக் காலி செய்யச் சொல்லித் தீர்மானம். அதனால் மேசையில் இருந்த இரண்டு தட்டுகளில் எதில் சீட்டு உயர்கிறது என்பதை விட்டு அம்சவல்லியின் கண் நகரவே இல்லை.

அவளுக்கு ஏஜென்ட் அட்டை வாங்கிக் கொடுத்ததில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து இராஜாங்கத்துக்குச் சம்மதமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண் உள்ளே வந்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டார். அது மட்டும் காரணமில்லை. அவள் துரைராசு வயலுக்கு நடவுப் பெண்களைச் செட்டாகக் கூட்டிப் போகிறவள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி இருக்கட்டும் என்று காத்தான்தான் பிடிவாதம் பிடித்தான்.

ஓட்டுப் பதிவு நாளில் அவள் செய்த காரியத்தை இராஜாங்கம் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை. துரைராசுவின் நாற்று வயது கடந்து முற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கே நட்டாக வேண்டும், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று கோவிந்தராசு விடியற்காலையில் வந்து நின்றார். சரியென்று போனாள். போன பிறகுதான் வழக்கத்தைவிட இரண்டு பங்கு நாற்று முடிகள் வயலில் வீசிக் கிடப்பதைப் பார்த்தாள். வீசிய முடியை நட்டு முடிக்காமல் கரையேறிய செட்டுக்கு அப்புறம் அந்தப் பக்கத்தில் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள், அது அவள் அம்மா காலத்திலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. கோவிந்தராசு குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். "நெருக்கி நடுங்கம்மா, அவசரமில்ல" என்று ஐந்தாறு தடவை சொன்னார். கடைசி முடியைப் பிரித்து ஊன்றும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஏற்றிக் கட்டிய புடவையை இறக்கிவிடக்கூட நேரமில்லாமல் எல்லோரும் வாய்க்காலில் கையை ஒரு முக்கு முக்கிவிட்டு ஓடினார்கள். பூத்துக் கதவை மூடப்போகும் நேரத்தில் உள்ளே புகுந்தார்கள். யார் ஓட்டும் வீணாகவில்லை என்று அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

"நிறுத்துங்க சார்" என்றார் கண்ணுசாமிக்கு ஏஜென்டாக வந்திருந்த கோவிந்தராசு.

குமாஸ்தாவின் கையில் இருந்த சீட்டில் ஏணிக்கு நேரே முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. அதற்குக் கீழே ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாகக் காய்ந்த சேறு.

தேர்தல் அதிகாரி நாகநாதன் சீட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு நாளாகத் தூங்காதவர். கண் சிவந்து, சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. "கையில சேறு இருந்திருக்கு. முத்திரை சரியாத்தானே இருக்கு. காலையிலயே செல்லும்னு சொல்லிட்டேன்" என்றார்.

"ஒண்ணு ரெண்டுன்னா நானே விட்ருவேன் சார். இந்தக் கட்டுல பாருங்க."

பார்த்தார்கள். வரிசையாக வந்துகொண்டே இருந்தது. பதினாலு சீட்டில் சேறு. பதினாலும் ஏணி. அதைத் தனியே அடுக்கி வைத்தபோது அம்சவல்லி தடுப்பை நெருங்கி வந்தாள். ஏணி முந்துவது ஒன்பதே ஓட்டில் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து ஆள் வந்து நாகநாதனுக்குப் போன் என்றான். அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது. கோவிந்தராசு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, உள்ளே போடக் கூடாது என்று போலீஸ்காரர் சொன்னதும் சிரித்தபடி மூடிக்கொண்டார்.

"யார் போன்ல பேசுறதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் இராஜாங்கம்.

"காலையில நீங்க ஜெயிச்சப்ப நாங்க ஏதாச்சும் கேட்டமா? முடிவு உங்க பக்கம் வந்தா நியாயம், எங்க பக்கம் வந்தா போனா?" என்றார் கோவிந்தராசு.

நாகநாதன் திரும்பி வந்தபோது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து, "உங்க ஆட்சேபணை என்ன, சொல்லுங்க" என்று கோவிந்தராசுவிடம் கேட்டார்.

"கள்ள ஓட்டு சார். வெளியில எவனோ ஒருத்தன் உக்காந்து அத்தனையும் குத்தியிருக்கான். ஒரே கை. பதினாலு பேருக்கு ஒரே மாதிரி ஒரே எடத்துல அழுக்கு படுமா?"

"நாக்குல நரம்பில்லாம பேசாதீங்க" என்று காத்தான் தடுப்பைப் பிடித்தான்.

"நான் பேசல தம்பி, சீட்டு பேசுது."

நாகநாதன் சீட்டுகளைக் கையில் எடுத்து விசிறிபோல விரித்தார். அவர் இன்னும் தயங்கிக்கொண்டுதான் இருந்தார். "ஒரே கைதானான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்" என்று முணுமுணுத்தார்.

அம்சவல்லியால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் குனிந்து நட்டுவிட்டு, மூச்சு இறைக்க ஓடி வந்து போட்ட ஓட்டை எவனோ குத்தியது என்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே கை இல்லீங்கய்யா" என்றாள். "எல்லாம் எங்க செட்டுப் பொம்பளைங்க. அன்னிக்கு நடவுலேருந்து நேரா வந்தோம். இந்தா, இந்தக் கணக்குப்பிள்ளைதான் வரப்புல நின்னு பாத்தாரு, கேளுங்க."

"அதெல்லாம் சரிம்மா. வேற வேற கைன்னு எப்படிச் சொல்ற?"

"காட்டுங்க, சொல்றேன்."

இராஜாங்கம் அவள் பக்கம் திரும்பினார். ஆனால் அவருக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. நாகநாதன் முதல் சீட்டைத் தடுப்புக்கு அருகில் கொண்டுவந்து காட்டினார். அம்சவல்லி குனிந்து பார்த்தாள். சேற்றுத் தடத்தின் நடுவில் ஒரு கோடு குறுக்கே வெட்டி ஓடியது.

"இது காளியம்மா. போன வருசம் அறுப்புல எடது கட்டைவெரல்ல அருவா எறங்கிடுச்சு. பொளந்து சேந்த தழும்பு. காயிதத்த அந்தக் கையால அமுக்கிப் பிடிச்சிருக்கா, பாருங்க." அடுத்ததைக் காட்டச் சொன்னாள். "இந்தச் சப்பை வெரலு தர்மாம்பா. அவளுக்கு வெரலே அப்படித்தான், நாத்தைப் பிரிச்சா ரெண்டு பேர் பங்கு வரும். இது தெரியல... இது பிரகதாம்பா மாதிரி இருக்கு. நகச்சுத்தி வந்து நகம் விழுந்துபோச்சு, அதான் மேல வட்டமா இருக்கு. இப்பச் சொல்லுங்கய்யா, ஒரே கையா இது?"

குமாஸ்தா பஞ்சில் விரல் வைத்தபடியே அப்படியே இருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று அம்சவல்லிக்கு நெஞ்சு லேசானது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

கோவிந்தராசு அவசரப்படவில்லை. "சார், எழுதிக்குங்க" என்றார். "ஓட்டுப் போட்டது இன்னார்னு அடையாளம் தெரியிற மாதிரி சீட்டுல குறி இருந்தா அது செல்லாது. சட்டம் எனக்குத் தெரியாது, உங்க புத்தகத்துலயே இருக்கு. அடையாளம் தெரியுதா இல்லையான்னு நான் சொல்லல. அந்தப் பக்கத்து ஏஜென்டே பேர் சொல்லிச் சொல்லிட்டாங்க."

"அய்யா, அது சேறு" என்றாள் அம்சவல்லி. "அவங்க வேணும்னு வெக்கலீங்க."

"வேணும்னு வெச்சாங்களா, தானா பட்டுதான்னு கேள்வி இல்லம்மா." நாகநாதன் சீட்டுகளை மேசையில் தட்டிச் சீராக்கினார். குரலில் கோபமில்லை, ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது. "யாருன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சிடுச்சு. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"மூணு பேரத்தானே சொன்னா?" என்றார் இராஜாங்கம். "மத்த பதினொண்ணு?"

"எல்லாம் எங்க செட்டுன்னு சொன்னாங்களே" என்றார் கோவிந்தராசு.

பதினாலு சீட்டின் முதுகிலும் 'தள்ளுபடி' என்று ரப்பர் முத்திரை விழும் சத்தம் கேட்டது. ஐந்து ஓட்டில் பூட்டுச்சாவி ஜெயித்தது என்று குமாஸ்தா கூட்டிப் பார்த்துச் சொன்னார்.

இராஜாங்கம் அவளிடம் வந்து குரலை அடக்கிக் கேட்டார். "யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? ஓட்டு அன்னிக்கு நடவுக்குக் கூட்டிட்டுப் போனதும் நீதான். இன்னிக்குப் பேரைச் சொல்லிக் காட்டிக் குடுத்ததும் நீதான்."

"அண்ணே, நான் நம்ம ஓட்டக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்திட்ட."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. காத்தானாவது ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். "அக்கா, நீ பேசாம இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். அப்புறம் தடுப்பைத் தாண்டிப் போய் அந்தப் பதினாலு சீட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டான். "இத அனுப்ப விடமாட்டேன். கலெக்டர் வரட்டும்."

அவனை இழுக்க நாலு போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள். சட்டை கிழிந்தது. தடுக்கப் போன இராஜாங்கத்தின் மூக்குக் கண்ணாடி பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டு பேரையும் வராந்தா வழியாக இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். அம்சவல்லி குனிந்து கண்ணாடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே இப்போது வேறு வெடிச் சத்தம். துரைராசு காரை விட்டு இறங்கி நின்றார். அவர் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. ஜெயித்த கண்ணுசாமி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளே இருந்த அம்சவல்லியை ஒரு தடவை பார்த்துவிட்டு, குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டான். வாய்க்கால் கரையில் அவன் வீடும் இருந்தது.

"இந்தாம்மா, இங்க வா" என்று நாகநாதன் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. "மறு எண்ணிக்கை என் முன்னிலையில நடந்துச்சு, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு உங்க பக்கம் ஒருத்தர் போடணும். நீதான் மிச்சம்."

"ஆட்சேபணை இருக்குதுங்களே."

பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "போடாட்டியும் ரிசல்ட் ரிசல்ட்தான்மா. அரசாங்க ரெக்கார்டப் பறிக்க வந்தான்னு உன் தம்பி மேல கேஸ் எழுதினா வெளிய வர மாசக்கணக்காகும். அந்தப் பெரியவருக்கும் அதேதான். இதப் போட்டியின்னா ரெண்டு பேரையும் இப்பவே எறக்கி விட்டுடறேன். யோசிச்சுக்க."

அம்சவல்லி ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் காத்தான் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். தோள்பட்டைத் துணி கிழிந்து தொங்கியது. அவள் தாளைப் பார்த்தாள். அதில் இருந்த எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

குமாஸ்தா மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இடது கட்டைவிரலை நீட்டினாள். நகக்கண்ணிலும் வெடிப்பிலும் அன்றைய நடவுச் சேறு இன்னும் போகாமல் இருந்தது. குமாஸ்தா விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மை துடைக்கிற பழந்துணியை எடுத்துக் கொடுத்தார்.

"நல்லாத் தொடச்சிட்டு வை. ரேகை தெளிவா விழணும். யாருதுன்னு தெரியலைன்னா செல்லாது."

அவள் துணியை வாங்கித் துடைத்தாள்.