தட்டைக் கீழே வைக்காதே

வாசல் என்று ஒன்றைத் தாண்டினால் போதும், அவள் கைகள் இரண்டும் தாமாகவே பக்கவாட்டில் உயர்ந்துவிடும். சிறையில் ஆறு வருடம், ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை பழகிய பழக்கம். கதவைத் தாண்டியதும் நின்று கையை விரிக்க வேண்டும். காவல்காரி உடம்பைத் தடவிச் சோதித்து, "ம், போ" என்று சொன்ன பிறகுதான் இறக்க வேண்டும். வெளியே வந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது சோதிக்க யாரும் இல்லை. கைகளிடம் அதை யார் போய்ச் சொல்வது?

ஜெப வீட்டில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சிறையிலிருந்து வந்த பெண்களுக்காகச் சபையார் நடத்தும் வீடு அது. ஏழு பேர் தங்கி, கீழ்த்தளத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்து வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஏதாவது ஒன்று இருந்தது. ஒருத்தி சாப்பிடும்போது தட்டை முழங்கையால் மறைத்துக்கொள்வாள். இன்னொருத்தி மணி அடித்தால் எழுந்து வரிசையில் நிற்பாள், வரிசையே இல்லாவிட்டாலும். இவளை, "என்னடி, பறக்கப் போறியா?" என்று சமையற்காரம்மா கேலி செய்வாள். வீட்டை நடத்தும் பெரியக்காவோ தினமும் காலையில் இவள் கைகளுக்கென்று தனியாக ஜெபிப்பாள். அதைக் கேட்டால் கடவுளிடம் பேசுகிறாளா, சொன்ன தேதிக்கு வராத மேஸ்திரியிடம் பேசுகிறாளா என்று சந்தேகம் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணி போன் செய்தாள். இவள் மகளை வளர்ப்பவள் அண்ணிதான். விட்டுப் போனபோது பிள்ளைக்கு ஏழு வயது, இப்போது பதின்மூன்று.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூட்டிட்டு வரேன். ஒரு தடவை பாக்கட்டும். உன்னப் பாத்து பயந்துட்டாள்னா அதோட சரி. மறுபடி கேக்காதே."

அண்ணியைக் குறை சொல்ல முடியாது. தாய் செய்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை பட்டதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். நடுவில் போனை வாங்கிய மகள், "நல்லா இருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரியை விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இவளுக்கு வேலை ஓடவில்லை. தேய்த்த விரிப்பையே திரும்பத் தேய்த்தாள். பிள்ளைக்கு முன்னால் கை தூக்கிவிட்டால்? அந்த ஒரு நொடியில் சிறை முழுவதையும் அவள் பார்த்துவிடுவாளே.

சமையற்காரம்மாதான் வழி சொன்னாள். "ரெண்டு கையாலயும் டீத்தட்டைப் பிடிச்சுக்கிட்டு வா. கை சும்மா இருந்தாத்தானே தூக்கும்?"

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. முதலில் வெறும் தட்டு, பிறகு தண்ணீர் நிரம்பிய டம்ளர்களோடு. பலித்தது. "ஆண்டவர் தட்டு வழியா பதில் குடுத்துட்டார்" என்று பெரியக்காகூட ஒப்புக்கொண்டாள், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

ஞாயிறு நாலு மணிக்கு முன்னறையில் அண்ணியின் குரல் கேட்டது. மகளின் குரல் கேட்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் இவள் தட்டை ஏந்தி நின்றாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

"மேசை வரைக்கும் போ. அதுவரைக்கும் தட்டை மட்டும் கீழ வைக்காதே" என்றாள் சமையற்காரம்மா.

இவள் தோளால் கதவைத் தள்ளி வாசலைத் தாண்டினாள். பெரியக்காவுக்கு அன்றைக்கு இருந்த பரபரப்பில் தட்டு எதற்கு என்பதே மறந்துபோயிற்று. "ஐயோ, கை எப்படி நடுங்குது பாரு, இப்படிக் குடு" என்று ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். கெட்ட எண்ணத்தோடு கெடுப்பவர்களை எப்படியும் சமாளித்துவிடலாம். நல்ல மனசோடு கெடுப்பவர்களை என்னதான் செய்வது?

கைகள் உயர்ந்தன. இறக்கு, இறக்கு என்று உள்ளே கதறினாள். கைகள் கேட்கவில்லை. தோள் மட்டத்துக்கு விரிந்து அப்படியே நின்றன.

அண்ணியின் முகம் வெளுத்தது. ஒரே ஒரு முறை சிறைக்கு வந்தபோது அவளையும் அப்படித்தான் நிற்க வைத்தார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையின் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் பிள்ளை எழுந்துவிட்டாள். தாயின் முகத்தைப் பார்த்தாள், விரிந்த கைகளைப் பார்த்தாள். இரண்டே எட்டில் ஓடிவந்து நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

இவளுக்கோ கை இறங்கவில்லை. சொன்னால்தானே இறக்கலாம்? பிள்ளையின் தலை தன் தாடை வரைக்கும் வளர்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். கண்ணீர் அந்தத் தலைமேலேயே விழுந்தது. கைகள் அந்தரத்திலேயே நின்றன.

பிள்ளை தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பிடிச்சுக்கோம்மா."

கைகள் இறங்கின.