முப்பத்தோராம் வாய்ப்பாடு

பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டோடு நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டில் முப்பத்தோராம் வாய்ப்பாடு நடந்தது. மகன் போயிருந்த நாட்டின் காசு ஒன்றுக்கு இங்கே முப்பத்தொன்று. அவனைக் கட்டி மருமகளாக வந்து மூன்று மாதம் ஆவதற்குள் அவளுக்கும் அது தலைகீழ்ப் பாடமாகிவிட்டது.

மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான், வீட்டிலும் அப்படித்தான். மகன் அனுப்பும் படத்தில், அவன் முதுகுக்குப் பின்னால் ஏதாவது கடைப் பலகையில் ஒரு விலை தெரிந்தால் போதும், "பெருக்கு" என்பார். மாமியார் விரலை மடக்கத் தொடங்குவார், நாத்தனார் போனைத் தேடுவாள், அதற்குள் வாத்தியாரே விடையைச் சொல்லிவிடுவார். மகனுடைய சம்பளத்தைப் பெருக்கிச் சொல்லும்போது மட்டும் குரல் தானாகத் தணியும். சுவருக்கும் காது உண்டு என்ற பயம். ஆனால் அந்தத் தொகை தெருக்கோடி இஸ்திரிக்காரர் வரைக்கும் தெரியும். மாடி எழும்பிக்கொண்டிருந்தது அல்லவா, அதை எந்தக் குரலால் தணிக்க முடியும்?

அவள் ஏற்றுமதித் துணி ஆலையில் வேலை பார்த்தாள். தைத்து, தேய்த்து, மடித்து வரும் உருப்படிக்கு விலைச்சீட்டு மாட்டுகிற மேஜை அவளுடையது. "மருமக சீட்டு போடுறா" என்று மாமியார் ஒருமுறை பெருமையாகச் சொல்லப்போக, அடுத்த தெருவிலிருந்து இரண்டு பெண்கள், மாதச் சீட்டு என்று நினைத்துப் பணத்தோடு வந்துவிட்டார்கள். அதைக் கேட்டு வெளிநாட்டில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அவளை அவன் கூப்பிடுவது சீட்டுக்காரி என்றுதான்.

மேஜையில் மூன்று பெட்டிகள் இருக்கும். ஒரே சட்டை, ஒரே துணி, ஒரே தையல், மூன்று நாட்டுக்கு மூன்று விலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டிச் சீட்டை இன்னொரு பெட்டிச் சட்டையில் மாட்டிவிட்டாள். சூப்பர்வைசர் அம்மா வந்து, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் உன் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று திட்டினார். பிறகு, இவள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கொஞ்சம் இறங்கிவந்து சொன்னார்.

"இது சட்டைக்கு விலைன்னு நினைச்சியா? வாங்குறவனுக்கு விலை. அந்த ஊர்ல கடைக்கு வாடகை அதிகம், நிக்கிற பொண்ணுக்குச் சம்பளம் அதிகம், வரி அதிகம். அதுக்கு மேல, அவன் எவ்வளவு கொடுப்பான்னு பார்த்து இன்னும் கொஞ்சம் ஏத்துவாங்க. அவனும் கொடுப்பான். நீ மாட்டு."

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் போனில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். அவன் வேலை பார்த்தது இணையத்தில் துணி விற்கிற ஒரு கம்பெனியின் கிடங்கில். அந்தக் கம்பெனியின் பக்கத்தை அவன் அங்கே திறப்பான், இவள் இங்கே திறப்பாள். இவள் கை பட்டுப் போன சட்டை இரண்டு திரையிலும் அதே படமாக நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, இருவரும் ஒரே நேரத்தில் விலையைச் சொல்வார்கள். அவனுடையதைப் பெருக்கினால் இவளுடையதைப்போல ஆறு மடங்கு, ஏழு மடங்கு வரும். யார் விலை அதிகமோ அவர் தோற்றவர், தோற்றவர் சிரிக்க வேண்டும் என்பது விதி. எப்போதும் அவன்தான் தோற்பான்.

"படத்துல இருக்கிறவன் மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி சிரிக்கிறான் பாரு" என்றான் ஒருநாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் குளிர் கோட்டின் பக்கம் திறந்தது. கிடங்கில் லாரி வந்து நிற்கும் பெரிய கதவு நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். அவனுக்கு அந்தக் கதவோரம்தான் வேலை. பனிக்காற்று நேராக நெஞ்சில் அடிக்கும் என்றான். கோட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றாள். அந்த ஊர் விலையைச் சொன்னான், அவனே பெருக்கினான்.

"அப்பாவோட ரெண்டு மாசப் பென்ஷன். அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு எப்படி வேலை செய்யறது? கனக்காதா?"

அவன் எல்லாவற்றையும் பெருக்கினான். தேநீரைப் பெருக்கிப் பார்த்துக் குடிக்காமல் வந்தான். பேருந்துச் சீட்டைப் பெருக்கிப் பார்த்து நடந்தான். ஆறு பேர் இருந்த அறையில் மூன்று கட்டில்கள், ஒருவர் வேலைக்குப் போனதும் அந்தச் சூட்டிலேயே இன்னொருவர் படுப்பார். அதற்கே சம்பளத்தில் சரிபாதி போனது. மகன் கணக்கில் வாத்தியார் வரவை மட்டும் பெருக்கினார். மகன் செலவை மட்டும் பெருக்கினான். இரண்டையும் ஒரே பலகையில் எழுதிப் பார்க்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

அவனோடு அறையில் இருந்த ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அறைக்கே சமைப்பவர் என்பதால் அவருக்குச் சமையல் அண்ணன் என்று பெயர். அவர் திரும்பும்போது பெட்டியில் இடம் இருக்கிறது என்றார். அதே கோட்டு இங்கே இணையத்தில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடந்தது. வெயில் ஊரில் அதை யார் சீந்துவார்கள்? பொருள் வந்ததும் பணம் தருவதாகச் சொல்லி வரவழைத்தாள். ஆலையில் முன்பணம் வாங்கி, வீட்டு மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"கோட்டு வந்துச்சா மாமா?"

"வந்துச்சு. போயிடுச்சு."

வாத்தியார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். உனக்கெதுக்குக் கோட்டு, வக்கீலுக்குப் படிக்கப் போறியா என்று நாத்தனார் உள்ளேயிருந்து கேட்டாள். இவள் விஷயத்தைச் சொன்னாள். கதவோரம், பனிக்காற்று, அங்கே உள்ள விலை, இங்கே உள்ள விலை. விலைச்சீட்டில் இருப்பது சட்டையின் விலை இல்லை, அந்த ஊரில் வாழ்வதற்கான விலை என்று தனக்குத் தெரிந்தபடி விளக்கினாள். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நன்றாகப் படிக்காத பிள்ளை பதில் சொல்லும்போது கேட்பாரே, அப்படி.

"அப்ப அங்க சம்பாதிக்கிறவனுக்கு அது சல்லிக்காசு. சல்லிக்காசுக்கு வாங்கிக்கட்டும். இங்கேருந்து கோட்டு போகணும்னா, இனிமே இங்கேருந்து சோறும் போகணும்."

நல்ல வாக்கியம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அடுத்த நாள் இஸ்திரிக்காரரிடமும் அதைச் சொன்னார். சமையல் அண்ணன் வெறும் பெட்டியோடு விமானம் ஏறினார்.

பனி இறங்கியது. அவன் பேச்சில் இருமல் வந்தது, பிறகு இருமலுக்கு நடுவே பேச்சு வந்தது. ஒருநாள் திடீரென்று, வந்துவிடட்டுமா என்று கேட்டான். கேட்டுவிட்டு, அப்பாவிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னான். கிடங்கில் பொறுப்பாளன் என்று வீட்டில் சொல்லியிருந்தது பொய். நாள் முழுக்கத் தரையில் விழுகிற அட்டையையும் நூலையும் கூட்டித் தள்ளுகிற வேலை.

"நீங்க அங்க பெருக்குங்க. நான் இங்க பெருக்குறேன். ஒரே குடும்பத் தொழில்" என்று சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போயிற்று. போனைக் காதிலிருந்து எடுக்காமல், அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

அவன் வரட்டும் என்று வீட்டில் சொன்னாள். புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை, அதற்கு இருமல் ஒரு சாக்கு என்றார் மாமியார். எதற்கும் அவனிடமே கேட்போம் என்று வாத்தியார் எல்லோர் முன்னாலும் போனைச் சத்தமாக வைத்துப் பேசினார். மாடிக்குப் பூச்சு வேலைதான் பாக்கி, இன்னும் இரண்டு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொள், இங்கே இருக்கிறவனுக்கு மட்டும் இருமல் வரவில்லையா என்றார். மருத்துவரிடம் போனாயா என்றும் கேட்டார். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, கேட்டார்.

"போகலப்பா."

"எவ்வளவு கேக்குறான்?"

அவன் சொன்னான். வாத்தியார் உதடு அசைந்தது. வழக்கமாக உடனே வரும் விடை அன்று கொஞ்சம் தாமதமாக வந்தது. நாத்தனார் அம்மாடி என்றாள்.

"மாமா, இதை மட்டும் பெருக்காதீங்க" என்றாள் இவள்.

"நீ போய் வாசலைப் பெருக்கு" என்றார் அவர். மாமியார் சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள். போனுக்குள் இருமல் கேட்டது. "வெந்நீர் குடி. நெஞ்சை மூடிப் படு. சரியாப் போயிடும்" என்று வாத்தியார் அதனிடம் சொன்னார்.

"சரிப்பா."

அவன் குரலை அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்டது அதுதான் கடைசி.

சமையல் அண்ணன்தான் கூப்பிட்டார். அவள் ஆலையில் இருந்தாள். ஒருமுறை சொல்லிவிட்டு, அவளுக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னார். கட்டிலின் அடுத்த முறைக்காரர் வேலை முடிந்து வந்து, நேரமாச்சு எழுந்திரு என்று எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. தன் சட்டைகள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்திருந்தானாம்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அது பொய்யான அழுகை இல்லை. வாத்தியாரும் அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமையல் அண்ணனைத் தானே கூப்பிட்டார். அங்கேயே அடக்கம் செய்தால் என்ன ஆகும் என்று விசாரித்தார். ஆறடி மண்ணுக்கு அந்த ஊரில் ஒரு விலை, வண்டிக்கு ஒரு விலை, குழி தோண்டுபவருக்கு ஒரு நாள் கூலி. ஒவ்வொன்றையும் அவர் மெல்லத் திரும்பச் சொன்னார். அனுப்பிவைத்தால் பாதிச் செலவைக் கம்பெனி ஏற்கும் என்றார் சமையல் அண்ணன்.

"அப்ப அனுப்பிடுங்க" என்றார் வாத்தியார்.

உயிரோடு கேட்டபோது கட்டுப்படியாகாதவன், செத்த பிறகு அப்படித்தான் வீட்டுக்கு வந்தான். அங்கே சாவு விலை கூடுதலாக இருந்ததால் வந்தான்.

பெட்டி வந்தது. தேன் நிறத்தில், வழவழவென்று, முனைகள் வளைந்த பெட்டி. வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். தகனக் கூடத்தில் இருந்தவர், மின் உலைக்குள் இந்தப் பெட்டி போகாது, உடைத்துத்தான் ஆளை வெளியே எடுக்க வேண்டும் என்று கோடாலியை எடுத்தார்.

"உடைக்காதீங்க" என்றார் வாத்தியார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் மகனுக்காகச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து பெட்டியின் ஓரத்தை விரலால் தடவினார். "எல்லாம் ஸ்க்ரூதான். பதமாக் கழட்டினா வந்துடும். இந்த மாதிரிப் பலகை நம்ம பக்கம் கிடைக்காது."

கூடத்துக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு கோடாலியை வைத்துவிட்டுத் திருப்புளி எடுத்துவந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவும் கிறீச்சென்று திரும்பி வெளியே வந்தது. வாத்தியார் தோளில் கிடந்த துண்டை விரித்து, ஒன்றும் தொலையாமல் அதில் வாங்கிக்கொண்டார். நல்ல பித்தளை என்று மகளின் புருஷனிடம் காட்டினார். மாப்பிள்ளை, வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், ஆமாம் மாமா என்றார்.

மூடி கழன்றது. வாத்தியார் துண்டை முடிச்சுப் போட்டுக்கொண்டே, இந்தப் பெட்டி இங்கே செய்தால் என்ன விலை ஆகும் என்று கூடத்துக்காரரைக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆளைத் தூக்கணும்."

ஆண்கள் யார் முதலில் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் போய்த் தலைப்பக்கம் பிடித்தாள்.