நாற்பத்தோராவது நீக்கம்

விசாரணை டிப்போவின் ஓய்வறையில் நடந்தது. மேசையின் தலைமாட்டில் மேனேஜர், மின்விசிறிக்கு நேர் கீழே. அவருக்கு வலப்பக்கம் டயர் பிரிவு மெக்கானிக். உருண்டு திரண்ட உடம்பைப் பார்த்து யாரோ வைத்த ‘ஸ்டெப்னி’ என்ற பேரை அவரே போனில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு அது ஒட்டிப்போயிருந்தது. இடப்பக்கம் சங்கத்துக்காரர், சுவர்க் கடிகாரம் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து. கதவோரம், கை உடைந்த நாற்காலியில், பதினேழாம் நம்பர் பேருந்தின் கண்டக்டர், டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு. கால்மாட்டில், மேனேஜருக்கு நேர் எதிரே, கிளார்க்கு. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதி, தேதி போட்டு, அடிக்கோடும் இழுத்துவிட்டு நிமிர்ந்தார் அவர்.

கிளார்க்குக்கு ‘மார்ஜின்’ என்று பேர். எந்தத் தாளை எடுத்தாலும் இடப்பக்கம் ஒரு கோடு போடாமல் அவருக்குப் பேனா ஓடாது. அவர் படித்த சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கோடு போடாத தாளுக்கு மார்க்கு கிடையாது. ஓய்வுபெற எட்டு மாசம் இருக்கும்போதும் அந்தப் பயம் விட்டபாடில்லை.

டிப்போவின் வாட்சப் குழுவுக்கு அட்மினும் அவர்தான். அறுபத்து மூன்று பேர். வண்டி நேரம், லீவு, டியூட்டி மாற்றம் இவற்றுக்காகத் தொடங்கிய குழு. விதிகளை அவரே எழுதினார். அவற்றில் முக்கியமானது, யாரையும் பேர் சொல்லித் தாக்கக் கூடாது என்பது. மீறினால் செய்தியை நீக்கிவிடுவார். நீக்கும் முன்பு ஒரு நீளநோட்டில், மணி நிமிஷத்தோடு, எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதி வரிசை எண் போட்டுவிடுவார். அந்த நோட்டு இழுப்பறையில் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

கண்டக்டருடைய சனம் தாத்தா காலத்தில் எங்கிருந்தோ பிழைக்க வந்தது. இரண்டு தலைமுறை ஆகியும் ‘வந்தவங்க’ என்ற பேர் போகவில்லை. ஸ்டெப்னி ஆறு மாசமாகக் குழுவில் அதைப் பிடித்துக்கொண்டார். வந்தவங்க அழுக்கு, வந்தவங்க திருட்டு, வந்தவங்களால் வேலை போச்சு என்று எங்கிருந்தோ வருவதையெல்லாம் தள்ளிவிடுவார். கீழே சிரிக்கிற முகங்கள் விழும். முதலில் இரண்டு. பிறகு ஐந்து. யார் பேரும் அதில் இருக்காது. ஆகவே விதி மீறலும் இல்லை.

“அண்ணே, பாத்தீங்களா?” என்று கண்டக்டர் ஒருநாள் மார்ஜின் மேசைக்கு வந்தாள்.

“பாத்தேன்மா. கண்டுக்காத. பதில் போட்டா அவனுக்குக் குஷி. விட்டுட்டா தானா ஓஞ்சிடுவான்.”

“எப்பண்ணே ஓய்வான்?”

“கொஞ்ச நாள்ல.”

அதை அவர் நம்பித்தான் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டு வண்டிக்குப் போனாள். மூன்று முறை அப்படி வந்தாள், மூன்று முறையும் அப்படித்தான் போனாள். நாலாவது முறை வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெப்னி எழுதினார்: ‘வந்தவங்க ஏறுற வண்டிக்கு இனிமே பினாயில் ரெண்டு மடங்கு வாங்கணும்.’ சிரிக்கிற முகங்கள் பதினாலு. பதினொன்று பதினேழுக்குக் கண்டக்டரின் பதில் வந்தது. மார்ஜின் நோட்டை எடுத்து, எண் நாற்பத்தொன்று என்று போட்டு எழுதினார்:

‘ஸ்டெப்னி அண்ணே, போன வருஷம் உங்கம்மா என் வண்டியில மயங்கி விழுந்தாங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் என் மடியிலதான் தலை வெச்சிருந்தாங்க. வாந்தி எடுத்தது என் புடவையிலதான். உள்ள கொண்டுபோறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மகளேன்னாங்க. அந்தக் கையை எந்தப் பினாயில்ல கழுவணும், சொல்லுங்க.’

எழுதி முடித்துப் பேனாவை மூடினார். பேர் சொல்லியிருக்கிறாள். விதி விதிதான். பதினொன்று இருபத்தொன்றுக்கு நீக்கினார். பினாயில் செய்தி அப்படியே இருந்தது.

நாலு நிமிஷத்தில் அதைப் படித்தவர் எத்தனை பேரோ, எவரும் வாய் திறக்கவில்லை. ஸ்டெப்னி மட்டும் புகார் எழுதிக் கொடுத்தார். அதுதான் இந்த விசாரணை.

“எங்கம்மாவை இழுத்துட்டா சார். இப்ப உயிரோட கூட இல்லாதவங்க” என்றார் ஸ்டெப்னி. குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

“என்னம்மா எழுதுன?” என்றார் மேனேஜர்.

“நான் சொன்னா நம்ப மாட்டீங்க சார். அண்ணன் படிச்சிட்டுத்தான் எடுத்தாரு. அவரே சொல்லட்டும்.”

எல்லாரும் மேசையின் கால்மாட்டைப் பார்த்தார்கள். நோட்டு பத்தடி தூரத்தில், அடுத்த அறை இழுப்பறையில் இருந்தது. அதை வாசித்தால் பினாயிலையும் வாசிக்க வேண்டும். பினாயிலை வாசித்தால் ஆறு மாசமாக என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மேலிடம் கேட்கும். எட்டு மாசம்தான் பாக்கி.

“விதி மீறின செய்தி சார். பேர் சொல்லியிருந்துச்சு.”

“அவங்கம்மாவைப் பத்தியா?”

“அவங்களைப் பத்தியும் இருந்துச்சு.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கண்டக்டர் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தெரியாத ஊரில் இறங்கிவிட்ட பயணி பெயர்ப்பலகையைத் தேடுவது மாதிரி பார்த்தாள்.

“சரி, சட்டுபுட்டுனு முடிங்க சார். டீ ஆறுது” என்றார் சங்கத்துக்காரர்.

தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த டிப்போவுக்குக் கண்டக்டருக்கு மாற்றல் வந்தது. இந்த டிப்போவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. படுத்த படுக்கையான அம்மாவை ஒவ்வொரு மதியமும் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டு, துடைத்துவிட்டு, ஒரு வாய் ஊட்டிவிட்டு அடுத்த நடைக்கு வந்து நிற்பாள். தொண்ணூறு கிலோமீட்டரிலிருந்து யார் ஓடிவர முடியும்? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதமும் டிக்கெட் மெஷினும் மார்ஜினின் மேசைக்கு வந்தன.

“ரசீது போடுங்கண்ணே.”

அவர் போடவில்லை. இழுப்பறையைத் திறந்து நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

“ஒரு எழுத்துகூட மாறாம எழுதியிருக்கீங்க.”

“எழுதிட்டேன்மா.”

“அன்னிக்கு இது இங்கதான் இருந்துச்சா?”

அவர் தலையசைத்தார்.

“வாய்விட்டு வாசிச்சிருந்தா அரை நிமிஷம் ஆகியிருக்கும்ணே” என்று நோட்டை மூடி, அதன் மேல் மெஷினை வைத்தாள்.

“இப்ப மேல எழுதறேன்மா. ராஜினாமாவைக் கொஞ்சம் நிறுத்தி வை.”

“எழுதுறதுன்னா எழுதுங்க. அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்திருச்சு. இந்த ஒரு வாரம் மாத்தலை நிறுத்தச் சொல்லி ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சதுல மத்தியானம் போக முடியல. நான் இனிமே எங்கேயும் வந்து நின்னு யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன்.”

அவள் போன பிறகு மார்ஜின் போனை எடுத்தார். நீக்கியதை மீட்க வழியில்லை. நோட்டைப் பார்த்து ஒற்றை விரலால் முழுவதையும் குழுவில் அடித்தார். கீழே, ‘இது கண்டக்டர் எழுதியது. நீக்கியது நான். நீக்கியிருக்க வேண்டியது அதற்கு மேலே இருந்தது’ என்று சேர்த்தார்.

சாயங்காலத்துக்குள் ஐம்பத்தெட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். ஸ்டெப்னி குழுவை விட்டு வெளியேறினார். மற்றவர்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கண்டுக்காதே என்று அவர் சொல்லிவந்ததை அத்தனை பேரும் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த பார்சல் ஷெட்டிலிருந்து யாராவது எட்டிப்பார்த்து, “என்ன மார்ஜின், இப்படிப் பண்ணிட்டீரு” என்று திட்டினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஆறு மாசத்தில் தான் விட்டுவைத்த செய்திகளைத் தேதியோடு எழுதினார். நாற்பத்தொன்றை முழுசாகப் படியெடுத்தார். விசாரணையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று மறுபடி எழுதினார். ‘என்னிடம் கேட்கப்பட்டது. எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை’ என்றும் எழுதினார். அதற்குக் காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார். பிறகு, குறுக்கே கோடு போட்டு அந்த இடத்தை அடைத்துவிட்டார்.

தபாலாபீசில் கூட்டமில்லை. உறையின் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு தடவை அழுத்தி ஒட்டினார்.

“சாதாரணமா, ரெஜிஸ்டரா?” என்றாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள்.

“ரெஜிஸ்டர்.”

“அனுப்புறவர் பேர் போடலையே சார்.”

பேனாவை வாங்கி, தன் முழுப்பெயரை எழுதி, உறையை உள்ளே தள்ளினார்.